எழுதும் பென்சில் நின்றுபோகும் பத்து வினாடிகள்

வலிப்பு என்றதும் நிலத்தில் விழுந்து, கைகால் இழுத்து, வாயில் நுரை தள்ளும் காட்சியே சம்மாந்துறையிலும் கல்முனையிலும் பலருடைய மனத்தில் எழுகிறது. மூளையின் நரம்புக் கலங்கள் கட்டுமீறி ஒருசேர மின்துடிப்புகளை வெளியிடுவதால் உண்டாகும் இந்நிலை, அத்துடிப்பு தொடங்கும் இடத்துக்கும் பரவும் எல்லைக்கும் ஏற்ப வெவ்வேறு தோற்றம் கொள்கிறது என்பதும், தோற்றம் மாறினால் மருந்தும் மாறும் என்பதும் அவ்வளவாக அறியப்படவில்லை.

மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்குவது குவிய வலிப்பு எனப்படும். ஒரு கை மட்டும் துடிக்கலாம். அங்கில்லாத ஒரு மணம் மூக்கில் ஏறலாம். நினைவு மங்கி, உதட்டைச் சப்புக்கொட்டியபடி, உடுத்த சாரத்தின் ஓரத்தை விரலால் திருகிக்கொண்டே ஒருவர் ஓரிரு நிமிடம் இருந்துவிட்டு, பின்னர் நடந்தது எதையும் அறியாமல் விழிக்கலாம். ஜின் பிடித்துவிட்டது என்ற பேச்சு பெரும்பாலும் இத்தகைய வேளைகளிலேயே கிளம்புகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இப்னு சீனா தம் மருத்துவ நூலில் வலிப்பை மூளையோடு தொடர்புடைய நோயாக ஆராய்ந்திருக்கிறார். ஓதிப் பார்ப்பது குடும்பத்தாருக்கு ஆறுதல் தருமாயின் தரட்டும். அதற்காக மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

கவனத்திலிருந்து எளிதில் தப்பிவிடுவது, சிறுவர்களிடம் காணப்படும் வெறித்த பார்வை வலிப்பு ஆகும். ஆசிரியர் சொல்வதெழுதச் சொல்லும்போது பிள்ளையின் பென்சில் திடீரென நின்று, இமைகள் படபடத்து, பத்து வினாடிகளில் எழுத்து மீண்டும் தொடர்கிறது. அந்த வரியில் இரண்டு மூன்று சொற்கள் மட்டும் விடுபட்டிருக்கும். ஒரே நாளில் பலமுறை நிகழக்கூடிய இதனைப் பராக்குப் பார்ப்பதாகக் கருதி அப்பிள்ளையைக் கண்டிப்பது வழக்கமாக இருப்பது வருந்தத்தக்கது. குவிய வலிப்புக்கு நல்ல பயன் தரும் கார்பமசெபின் இவ்வகையை மோசமாக்கக்கூடும் என்பதால், இதற்கு எத்தோசக்சிமைடு அல்லது வல்ப்ரோயேட் தரப்படுகிறது. வல்ப்ரோயேட் கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியது ஆகையால் பெண்களுக்கு அதனை வைத்தியர்கள் மிகுந்த தயக்கத்துடனேயே எழுதுவர்.

வலிப்பு நேரும்போது வைத்தியர் அருகில் இருப்பதில்லை. மூளை மின்னலைப் பதிவும் (EEG) நோயுள்ள பலரிடம் இயல்பாகவே அமைந்துவிடுவதுண்டு. ஆகவே எந்தப் பக்கம் முதலில் துடித்தது, கண் எத்திசையில் திரும்பியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று கண்டவர் தரும் விவரமே, கைபேசியில் எடுத்த ஒரு நிமிட வீடியோவாயின் இன்னும் சிறப்பாக, வகையைத் தீர்மானிக்கிறது. உரிய மருந்தை ஒழுங்காக எடுத்தால் நோயாளரில் சுமார் 70 வீதமானோர் வலிப்பின்றி வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஒழுங்கு குலையும் காலங்களில் நோன்பு மாதம் முக்கியமானது. அதிகாலைச் சஹர் உணவுக்காகத் தூக்கம் கெடுவதும், பகல் நேர மாத்திரை தவறுவதும் ஒன்றுசேர்ந்து, அடங்கியிருந்த வலிப்பைக் கிளப்பிவிடும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. நோற்க விரும்புவோர் மாத்திரை வேளைகளை மாற்றிக்கொள்ள முடியுமா என்று நோன்பு தொடங்குமுன் கிளினிக்கில் கேட்டுவிடுவது அவசியம். கிணற்றிலும் வாய்க்காலிலும் தனியே குளிப்பதை எந்த மாதத்திலும் தவிர்க்க வேண்டும்.

ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் தலைக்குக் கீழே மெத்தென்ற ஒன்றை வைத்து, துடிப்பு தணிந்ததும் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, பெண்ணாயின் விலகிய உடையைச் சரிசெய்து, மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். கையில் சாவிக்கொத்தைத் திணிக்கவோ வாய்க்குள் கரண்டியை நுழைக்கவோ கூடாது. ஐந்து நிமிடம் கடந்தும் அடங்காவிட்டால், அல்லது நினைவு திரும்புமுன் மறுபடி வந்தால், 1990 சுவசெரிய அம்புலன்ஸை உடனே அழையுங்கள்.