நடந்தால் மட்டும் போதுமா?

காலையில் நான்கு சுற்று நடை, மாலையில் பிள்ளைகளுக்குச் சைக்கிள், பெரியவர்களுக்கு அரட்டை. பூங்காவை நாம் இப்படித்தான் அறிவோம். அந்த நிலம் அரசாங்கத் திட்டத்தில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை. தகர வேலி எழும்பிய பிறகுதான் பதறுகிறோம்.

கோலாலம்பூர், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் மக்கள் அப்படி விட்டுவிடவில்லை. அங்குள்ள ரிம்பா கியாரா பூங்கா சுமார் 25 ஏக்கர். அதில் ஏறக்குறைய 12 ஏக்கரில் உயர்ந்த சர்வீஸ் அபார்ட்மென்ட் கோபுரங்களும் ஒரு மலிவு விலை அடுக்குமாடியும் கட்ட, 2017-இல் மாநகர் மன்றம் அனுமதி வழங்கியது. கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டத்திலோ அது பொதுத் திறந்தவெளி.

குடியிருப்பாளர்களும் பக்கத்து அடுக்குமாடி நிர்வாகக் குழுக்களும் அதே ஆண்டு வழக்குத் தொடுத்தார்கள். 2018-இல் உயர் நீதிமன்றத்தில் தோல்வி. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வெற்றி. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமும் அந்த அனுமதி செல்லாது என்று உறுதிப்படுத்தியது. கட்டமைப்புத் திட்டம் டத்தோ பண்டாரையும் கட்டுப்படுத்தும், அதை விட்டு விலகினால் காரணம் சொல்ல வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

வீடா, பூங்காவா?

இதில் நம் சமூகத்துக்கு நெருக்கமான ஒரு பக்கமும் உண்டு. அங்குள்ள நீள வீடுகளில் இருப்பவர்களில் பலர் புக்கிட் கியாரா தோட்டத்தின் முன்னாள் பாட்டாளிக் குடும்பத்தினர். நிரந்தர வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தவர்கள். மலிவு விலை அடுக்குமாடி அவர்களுக்காகத்தான். ஆகவே, பூங்காவைக் காப்பது ஏழையின் வீட்டைத் தடுப்பது போல் ஆகிவிட்டது. வழக்கு நீள நீள அவர்களின் காத்திருப்பும் நீண்டது.

போராடியவர்கள் அந்த வீடுகளை எதிர்க்கவில்லை. நீள வீடுகள் இருக்கும் இடத்திலேயே கட்டிக் கொடுங்கள் என்றார்கள். வீடா, பூங்காவா என்று நம்மிடம் யாராவது கேட்டால், மற்ற கோபுரங்கள் யாருக்கு என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். பூங்காவுக்காகக் குரல் கொடுப்பவர்கள் அந்தக் குடும்பங்களின் வீட்டுக்காகவும் குரல் கொடுக்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், உங்கள் பூங்கா திறந்தவெளியாக அரசிதழில் பதிவாகியிருக்கிறதா என்று ஊராட்சி மன்றத்தின் நகரத் திட்டமிடல் பிரிவில் கேளுங்கள். உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது போய்ப் பாருங்கள்.

அடுத்து, மேம்பாட்டு அறிவிப்புப் பலகை கண்ணில் பட்டால் படம் எடுங்கள். ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் கொட்டும் கோபம் மன்றத்தின் கோப்பில் ஏறாது.

கடைசியாக, தினமும் எதிரே நடந்து வருபவரிடம் பேசுங்கள். பெயர் தெரியாமல் புன்னகைத்துப் போகும் முப்பது பேர் குடியிருப்பாளர் சங்கத்தில் சேர்ந்தால், அது முப்பது கையெழுத்து. நாளைக் காலை நடையிலேயே தொடங்கலாமே!