605101: ஓர் அஞ்சல் எண்ணின் உள்ளே

ஆரோவில் முகவரியின் கடைசியில் 605101 என்று எழுதுகிறோம். 1972 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய அஞ்சல் குறியீட்டு முறை கொடுத்த எண் அது. முதலில் நிற்கும் 6 தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய தென்பகுதியைக் காட்டும். கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தை. கடிதம் சேர வேண்டும் என்பதற்காகப் பிறந்த எண்தான் என்றாலும், அதை உடைத்துப் பார்க்க யாரும் தடை சொல்லவில்லை.

7-ஆல் வகுத்தால் மீதியே இல்லை: 86443. இன்னொரு முறை 7: 12349. அதற்குமேல் 7 செல்லாது. 11, 13, 17 என்று பொறுமையாக ஏறிப்போனால் 53-இல் உடைகிறது. மிஞ்சுவது 233, பகா எண். ஆக, 605101 = 7 × 7 × 53 × 233. வேறு எந்தப் பகா எண்களைப் பெருக்கினாலும் இது வராது.

இதை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 12. சின்னஞ்சிறு 60-க்கே 12 உண்டு! அப்படித் தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் வகுத்திகளில் விஞ்சும் எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் நீண்ட கட்டுரை எழுதினார். 1917-இல் கணிதவியலாளர் ஹார்டியோடு சேர்ந்து, சாதாரண எண்ணில் வெவ்வேறு பகாக் காரணிகள் மிகக் குறைவாகவே இருக்கும் என்று காட்டினார். ஆறு இலக்க எண்களில் அது மூன்றை ஒட்டி வரும், நம்முடையதில் மூன்றேதான். 1910-இல் வேலை தேடி அவர் கணித ஆர்வலர் ராமசாமி ஐயரைப் பார்க்கப் போன திருக்கோவிலூர், 2019 வரை, ஆரோவில் இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது என்பதை நினைக்க எனக்குப் பிடிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த குணம் வேறு. 605101 கூழாங்கற்களை, ஒன்றுகூட மிஞ்சாமல், இரண்டு சதுரப் பாத்திகளில் வரிசையாக அடுக்க முடியுமா? முடியும். பக்கத்துக்கு 574 கல் ஒன்று, 525 கல் இன்னொன்று: 329476 + 275625. கலைத்துவிட்டு 749, 210 என்றும் அடுக்கலாம்: 561001 + 44100. இந்த இரண்டு வழிதான், மூன்றாவது கிடையாது.

காரணம் பகா எண்களில் இருக்கிறது. 53-ஐயும் 233-ஐயும் 4-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படிப்பட்ட பகா எண் எதுவானாலும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகும் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா சொன்னார். அடுத்த நூற்றாண்டில் ஆய்லர் நிரூபித்தார். 53 = 7² + 2²; 233 = 13² + 8². இத்தகைய இரண்டைப் பெருக்கினால் விடையும் இரண்டு வர்க்கங்களாகப் பிரியும், அதுவும் இரு விதமாக. இந்த விதி 628-இல் பிரம்மகுப்தர் எழுதிய நூலிலேயே இருக்கிறது. மீதி 3 தரும் 7 போன்றவை மட்டும் இரட்டையாக வரவேண்டும். இங்கே 7 இரண்டு முறை வந்திருப்பது நம் அதிர்ஷ்டம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம், பாத்திகளுக்கே பேர்போன உப்பள ஊர். அதன் எண் 604303 = 7 × 131 × 659. மூன்றுமே மீதி 3 தருபவை, மூன்றும் ஒற்றை. இரண்டு சதுரப் பாத்திகளில் இந்த எண் அடங்கவே அடங்காது. எண்வரிசையில் இரண்டு தள்ளி 604305-ஐ எடுங்கள்: 3 × 3 × 5 × 13 × 1033. 3 இரட்டையாக வந்துவிட்டது. மற்ற மூன்றும் மீதி 1 தருபவை. இதை நான்கு விதமாக அடுக்கலாம்.