ஆங்கில ஒழுங்கற்ற வினைகளின் காலவடிவங்கள்

ஆங்கிலத்தில் வினையடியுடன் 'எட்' விகுதி சேர்த்து இறந்தகாலம் காட்டுவது பொது விதி. 'வாக்' என்பது 'வாக்ட்' ஆகும். இவ்விதிக்கு உட்படாமல் தமக்கெனத் தனி வடிவம் கொண்டவை ஒழுங்கற்ற வினைகள் எனப்படும். இவை ஏறத்தாழ இருநூறுதான். ஆயினும் ஆங்கிலத்தில் மிகுதியாகப் பயன்படும் பத்து வினைகளும் (பி, ஹேவ், டூ, சே, கோ, கம், டேக், மேக், கெட், சீ) இந்த வகையே. எனவே இவற்றைத் தவிர்த்துவிட்டு ஒரு பத்திகூட எழுத முடியாது.

இவற்றுள் பல, பழைய ஆங்கிலத்தில் ஒழுங்காகவே இருந்தவை. அக்காலத்தில் ஒரு வகை வினைகள் உள்ளிருக்கும் உயிரொலியை மாற்றிக் காலம் காட்டின. 'சிங் – சேங் – சங்', 'டிரிங்க் – டிரேங்க் – டிரங்க்' ஆகியவை அதன் எச்சங்கள். 'கோ' வினையின் இறந்தகாலமான 'வென்ட்', உண்மையில் 'வெண்ட்' என்ற வேறொரு வினைக்கு உரியது. 2007இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு, பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளை எடுத்துக்கொண்டு, இன்று அவற்றுள் 98 மட்டுமே அவ்வாறு எஞ்சியிருப்பதைக் காட்டியது. அரிதாக வழங்குபவை விரைவில் 'எட்' விகுதிக்கு மாறிவிடுகின்றன. நாள்தோறும் வாயில் புழங்குபவை மாறுவதில்லை. தமிழிலும் 'வா – வந்தான்', 'நில் – நின்றான்' என்பவற்றை நாம் விதி பார்த்தா சொல்கிறோம்?

ஒவ்வொரு வினைக்கும் மூன்று வடிவங்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம். பட்டியல் தவறுவதில்லை; எந்த வடிவம் எங்கே வரும் என்பதில்தான் தவறு நேர்கிறது. இதற்குத் தமிழே துணை செய்யும். 'போனேன்' என்பது 'ஐ வென்ட்'. 'போயிருக்கிறேன்' என்பது 'ஐ ஹேவ் கான்'. 'போனேன் இருக்கிறேன்' என்று நாம் சொல்வதில்லை அல்லவா? அதுபோலவே 'ஐ ஹேவ் வென்ட்' என்பதும் பிழை. 'போய்' என்ற எச்சம் நிற்கும் இடத்தில் மூன்றாம் வடிவமே நிற்க வேண்டும். 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். 'எழுதப்பட்டது' போன்ற செயப்பாட்டு வினையிலும் மூன்றாம் வடிவமே வரும்: 'வாஸ் ரிட்டன்', 'வாஸ் ரோட்' அன்று.

'போகவில்லை' என்பதில் 'போக' காலம் காட்டுவதில்லை. அவ்வாறே 'டிட் நாட்' வந்தபின் முதல் வடிவம்தான் வரும்: 'ஐ டிட் நாட் கோ'. காலத்தை 'டிட்' ஏற்கனவே சுமந்துவிட்டது. 'டிட் யூ சா' என்று கேட்பதும் இதே பிழைதான்.

ஓரிடத்தில் மட்டும் தமிழ் நம்மை ஏமாற்றும். 'நேற்று வந்திருக்கிறான்' என்பது நல்ல தமிழ். அதை அப்படியே 'ஹீ ஹேஸ் கம் யெஸ்டர்டே' என்றால் ஆங்கிலத்தில் தவறு. நேற்று, போன வாரம், 2019இல் என முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டால் இரண்டாம் வடிவமே பொருந்தும்: 'ஹீ கேம் யெஸ்டர்டே'. அலுவலகக் கடிதங்களில் இப்பிழை மிகச் சாதாரணமாகக் காணப்படுகிறது.

'கட்', 'புட்', 'ஹிட்' ஆகியவை மூன்று வடிவங்களிலும் மாறாதவை. 'ஹீ கட்' என்றால் வெட்டினான். 'ஹீ கட்ஸ்' என்றால் வெட்டுகிறான். அந்த ஓர் எழுத்துதான் காலத்தைப் பிரிக்கிறது. 'ரீட்' எழுத்தில் மாறாது. இறந்தகாலத்தில் 'ரெட்' என ஒலிக்கும்.

மிகவும் குழப்புவது 'லை'. படுத்திரு என்னும் பொருளில் அது 'லை – லே – லெய்ன்'. பொய் சொல் என்னும் பொருளில் 'லை – லைட் – லைட்'. கிடத்து என்னும் 'லே' வினையோ 'லே – லெய்ட் – லெய்ட்'. மருத்துவரிடம் 'படுத்தேன்' என்று சொல்ல நினைத்து 'ஐ லைட்' என்றால், பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இம்மூன்றிலும் அடிக்கடி தடுமாறுகிறார்கள்.

'கெட்' வினையின் மூன்றாம் வடிவம் பிரித்தானியாவில் 'காட்'. அமெரிக்காவில் பெரும்பாலும் 'காட்டன்'. இரண்டும் சரியே, ஒரே கட்டுரையில் கலக்காமல் எழுதினால் போதும்.