'அஸே பியாங்' என்றால் அழலாமா?

என் அக்கா பாரிஸுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் இருக்கிறாள். அத்திம்பேர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர். 2019 டிசம்பரில் நான் அங்கே போயிருந்தபோது வீட்டில் ஒரே ரகளை. காரணம், பன்னிரண்டு வயது மகளின் பள்ளிக்கூட ரிப்போர்ட்!

கணக்கில் 20க்கு 13. பக்கத்தில் ஆசிரியை எழுதியிருந்தது, 'அஸே பியாங்'. சரித்திரத்தில் 11, அதற்கு எதிரே, 'பெ மியோ ஃபேர்'.

"அஸேன்னா 'போதும்'னு அர்த்தம்டி! போதுமான அளவுக்கு நல்லாப் படிக்கறாளாம். கிண்டலைப் பாரு! இன்னொருத்தி, 'இன்னும் நல்லா செய்யலாம்'னு எழுதியிருக்கா!" என்று அக்கா பொரிந்து தள்ளினாள். குழந்தை ராத்திரி சாப்பிடவே இல்லை. போர்வைக்குள் விசும்பல் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்கார அம்மாள் வந்தாள். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இதற்கா அழுகை?" என்றாள். அங்கே 10தான் கரையேறும் மார்க். பள்ளியிறுதித் தேர்வான பக்கலோரெயாவில் சராசரி 12 வந்தாலே 'அஸே பியாங்' என்று சிறப்புக் குறிப்போடு தேர்ச்சி; 14க்கு 'பியாங்'; 16க்கு 'த்ரே பியாங்'. ஆக, ஆசிரியை செய்தது கிண்டல் இல்லை, முதுகில் தட்டிக்கொடுத்திருக்கிறாள்! 'பெ மியோ ஃபேர்' தலைமுறை தலைமுறையாக ரிப்போர்ட்டுகளில் வரும் வாசகமாம். அந்த அம்மாளே எத்தனையோ தடவை வாங்கியிருக்கிறாளாம்.

நூற்றுக்கு 98 வாங்கி வந்தாலும் "மீதி ரெண்டு எங்கே?" என்று கேட்கிற ஜாதி நாம். நமக்கு இதெல்லாம் லேசில் புரியுமா?

பாராட்டில் அவர்கள் கொஞ்சம் சிக்கனம்தான். அக்காவின் சாம்பாரை ருசி பார்த்து அந்த அம்மாள், "பா மால்" என்றாள். வார்த்தைக்கு வார்த்தை 'மோசமில்லை'. அக்கா முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அது 'நன்றாகவே இருக்கிறது' என்பதற்குச் சமம்! 'பா தெரீப்ல்' என்றால்தான் கவலைப்பட வேண்டும். 'பயங்கரமில்லை' என்று காதில் விழும். பேச்சில் 'தெரீப்ல்' என்பதே 'பிரமாதம்' ஆகிவிட்டதால், 'பா தெரீப்ல்' சுமார் ரகம். நாமும் "படம் பயங்கரமா இருக்கு" என்று புகழ்கிறோமே, அந்த மாதிரி.

கேட்டுக்கொள்வது ஒரு பாடு என்றால், சொல்வது இன்னொரு பாடு. அக்கா துணி திருத்தும் கடையில் தைக்கிறாள். கூட வேலை செய்பவள் ஒரு ஸ்கர்ட்டின் ஓரத்தைக் கோணலாக மடித்துத் தைத்துவிட்டாள். அக்கா தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் "நன்றாக இல்லை, திரும்பத் தை" என்று சொல்லிவிட, இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை! "ஓன் பூரே ரெஃபேர் லூர்லே?" என்று கேட்டிருக்க வேண்டுமாம். 'ஓரத்தை மறுபடி தைக்கலாமோ?' இதில் 'நீ' என்பதே கிடையாது. 'ஓன்' என்றால் சொல்பவளும் சேர்த்தி. "இன்னும் கொஞ்சம் உப்பு போட்டிருக்கலாமோ" என்று நாத்தனாரிடம் நாம் இழுப்பதில்லையா!

'து', 'வூ' வேறு இருக்கிறது. நம் 'நீ', 'நீங்கள்' போலத்தான். அதிகம் பழகாதவரிடம் 'து' போட்டுக் குறை சொன்னால், குறையைவிட 'து'தான் உறுத்தும்.

ரிப்போர்ட் விஷயம் புரிந்த அன்று மாலை, பள்ளிவிட்டு வந்த மகளுக்கு அக்கா சூடாக வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் கொடுத்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "எப்படிடி இருக்கு?" என்றாள், அவ்வளவுதான்.

குழந்தைக்குக் கோபம் முழுசாகத் தீரவில்லை. ஒரு பஜ்ஜியை மென்று விழுங்கிவிட்டு, "பெ மியோ ஃபேர்" என்றது!