மென்பொருளை எழுதியவர் நாட்டில் இல்லை: பழைய நிரலைத் தேடித்தரும் புதிய கருவிகள்

கந்தப்பளை பஸாரில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். சுற்றியுள்ள தோட்டங்களின் சில்லறைக் கடைகளுக்கெல்லாம் அரிசி, மா, சீனி, பருப்பு இங்கிருந்துதான் போகின்றன. பில் போடுவதற்கும் கடன் கணக்கு வைப்பதற்கும் கடையில் ஒரு கணினி மென்பொருள் உண்டு. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் தெரிந்த ஒரு தம்பி எழுதிக் கொடுத்தது. அவர் இப்போது கட்டாரில் வேலை செய்கிறார். மென்பொருள் இன்றும் ஓடுகிறது. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்பது கடையிலுள்ள எவருக்கும் தெரியாது.

இது கற்பனைக் கடைதான். ஆனால் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் இப்படிப்பட்ட கடைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இப்படியே காலம் ஓடியிருக்கும், வரி விகிதம் மாறாமல் இருந்திருந்தால். பெறுமதி சேர் வரி, அதாவது வற், 2019 டிசம்பரில் 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2022 ஜூனில் 12 வீதமாகவும் அதே வருடம் செப்டம்பரில் 15 வீதமாகவும் உயர்ந்தது. 2024 ஜனவரி முதலாம் திகதி 18 வீதமானது. அதே நாளில், வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வருட விற்பனையின் எல்லை 8 கோடி ரூபாவிலிருந்து 6 கோடி ரூபாவாகக் குறைக்கப்பட்டது. இதனால் அதுவரை வற் பக்கமே போகாத நடுத்தர மொத்த வியாபாரிகள் பலரும் அந்த வலைக்குள் வந்தார்கள்.

விகிதம் மாறினால் மென்பொருளில் ஓர் இடத்தில் 15 என்பதை 18 என்று மாற்றினால் போதுமே என்று தோன்றும். நன்றாக எழுதப்பட்ட மென்பொருளில் அது உண்மை. அவசரத்தில் எழுதப்பட்டதில் அப்படியல்ல. ஓர் இடத்தில் 0.15 என்றிருக்கும். இன்னோர் இடத்தில் விலையை 1.15 ஆல் பெருக்கியிருப்பார்கள். பில்லின் அடியில் அச்சாகும் வசனத்தில் 15% என்று தனியாக எழுதியிருக்கும். வரி உட்பட்ட விலையிலிருந்து வரியைப் பிரித்தெடுக்கும் இடத்தில் 15/115 என்று போடாமல், கணக்கில் கெட்டிக்காரரான அந்தத் தம்பி அதைச் சுருக்கி 3/23 என்று எழுதியிருக்கலாம். இரண்டும் ஒன்றுதான். ஆனால் 15 என்ற இலக்கத்தைத் தேடுபவரின் கண்ணில் 3/23 ஒருநாளும் படாது.

அதன் விளைவைப் பாருங்கள். வரியோடு சேர்த்து 11,800 ரூபாவுக்கு ஒரு பில். 18 வீதப்படி அதிலுள்ள வரி 1,800 ரூபா. பழைய 3/23 மாற்றப்படாமல் கிடந்தால் மென்பொருள் காட்டுவது 1,539 ரூபா. ஒரு பில்லில் 261 ரூபா குறைவு. மாதத்துக்கு எத்தனை பில், வருடத்துக்கு எத்தனை என்று பெருக்கிப் பாருங்கள். இறைவரித் திணைக்களம் பின்னொரு நாளில் கணக்கைப் பார்த்துத் தண்டப் பணத்தோடு கேட்கும்போது, மென்பொருள் எழுதியவர் கட்டாரில் இருக்கிறார் என்ற பதில் எடுபடாது.

இந்த இடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களும், அவை நிரலைத் தேடிப் படிக்க உதவும் கருவிகளும் வருகின்றன. பெரிய கம்பனிகளுக்கான விடயம் என்று நம்மவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கென்னவோ, பெரிய கம்பனிகளைவிட இப்படிப்பட்ட கடைகளுக்கே இது கூடுதலாகப் பயன்படும் என்று தோன்றுகிறது. பெரிய கம்பனியில் கேட்பதற்கு ஆளிருக்கும்.

முழுவதையும் படிக்க முடியாது

ஒரு மென்பொருளின் மூலநிரல் என்பது மனிதர் எழுதிய கட்டளைகள் அடங்கிய பைல்களின் தொகுதி. அவற்றை யார், எப்போது, என்ன மாற்றினார் என்ற வரலாற்றோடு சேர்த்து வைக்கும் இடத்தை நிரல் களஞ்சியம் என்பார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய 'கிட்' எனும் கருவிதான் இன்று உலகெங்கும் இதற்குப் பயன்படுகிறது. அப்படிப்பட்ட களஞ்சியங்களை இணையத்தில் வைத்துக்கொள்ள 2008இல் தொடங்கிய 'கிட்ஹப்'பை 2018இல் மைக்ரோசொப்ட் 750 கோடி டொலருக்கு வாங்கியது.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர் பொதுவில் கிடைக்கும் ஏராளமான நிரல்களைப் பயின்றிருக்கிறது. ஆனால் உங்கள் கடையின் நிரலை அது பார்த்ததில்லை. பார்க்கக் கொடுத்தாலும் ஒரே நேரத்தில் அது மனதில் வைத்திருக்கக்கூடிய அளவுக்கு ஓர் எல்லை உண்டு. பல இலட்சம் வரிகள் கொண்ட நிரல் அதற்குள் அடங்காது. அடங்கினாலும், நீண்ட பிரதியின் நடுவில் புதைந்துள்ள விடயத்தை இவை தவறவிடுவதுண்டு என்பதை 2023இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

தோட்டக் காரியாலயத்துக்குப் புதிதாக வந்த ஒரு கிளாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். அறை நிறையப் பழைய செக்ரோல் புத்தகங்கள். ஓய்வுபெறப் போகும் ஒரு தொழிலாளியின் இருபது வருடத்துக்கு முந்தைய வேலை நாட்களைப் பார்க்க வேண்டும். கெட்டிக்கார கிளாக்கர் முதல் புத்தகத்திலிருந்து படிக்கத் தொடங்கமாட்டார். எந்த அலுமாரி, எந்த வருடம், எந்த டிவிஷன் என்று கேட்டு, தேவையான பக்கத்தை மட்டும் திறப்பார். நிரல் தேடும் கருவிகள் செய்வதும் இதுதான்.

மூன்று வகைத் தேடல்

மிகப் பழையது சொல்லைத் தேடுவது. 1973 அளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் எழுதிய 'கிரெப்' எனும் சிறு கருவி இன்றும் உயிரோடு இருக்கிறது. கொடுத்த எழுத்துகள் எங்கெங்கு வருகின்றன என்று வரிவரியாகக் காட்டும். கோடிக்கணக்கான பைல்களில் இப்படித் தேடினால் நேரம் போய்விடும் என்பதால், 2006இல் கூகுள் தனது நிரல் தேடல் சேவையைத் தொடங்கியபோது வேறொரு வழியைப் பிடித்தது. ஒவ்வொரு மூன்று எழுத்துத் துண்டும் எந்தெந்தப் பைல்களில் உள்ளது என்ற அட்டவணையை முன்கூட்டியே தயாரித்து வைத்தது. புத்தகத்தின் பின்னாலுள்ள சொல்லடைவு போலத்தான். அந்தச் சேவை 2012இல் மூடப்பட்டாலும் அந்த யுக்தி அழியவில்லை. 2023இல் கிட்ஹப் வெளியிட்ட புதிய தேடலும் இதே பாதையில் வந்ததே.

சொல் தேடலின் குறை நமது உதாரணத்திலேயே தெரிகிறது. 15 என்று தேடினால் 15 கிலோ மூட்டையும் வரும், 15ஆம் திகதியும் வரும். 3/23 வராது.

நம் நாட்டுக்கென்றே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. யூனிகோட் பரவுவதற்கு முன் எழுதப்பட்ட மென்பொருள்களில் தமிழ் பெரும்பாலும் பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் இருந்தது. திரையில் 'பருப்பு' என்று தெரிந்தாலும் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளின் கூட்டம். யூனிகோடில் 'பருப்பு' என்று தட்டித் தேடினால் ஒன்றும் இல்லை என்றுதான் பதில் வரும். உதவியாளரிடம் வேலையைக் கொடுக்கும்போது, நிரலில் பாமினி இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வகை, அமைப்பைத் தேடுவது. நிரலுக்கும் இலக்கணம் உண்டு. எழுவாய், பயனிலை பிரிப்பதுபோல ஒவ்வொரு கட்டளையையும் பிரித்து, இந்தச் செயற்பாடு எங்கே வரையறுக்கப்பட்டது, அதை யார் யார் அழைக்கிறார்கள் என்று காட்டலாம். 2016இல் மைக்ரோசொப்ட் இதற்கென ஒரு பொது நியமத்தை வெளியிட்டது. 'வரியைக் கணக்கிடு' என்ற செயற்பாட்டை பில், மாதாந்த அறிக்கை, திருப்பிய பொருட்களின் பதிவு ஆகிய மூன்றும் அழைக்கின்றன என்று இது சொல்லிவிடும். ஊகம் இதில் இல்லை. இருக்கிறது அல்லது இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, கருத்தைத் தேடுவது. ஒவ்வொரு நிரல் துண்டையும் நீண்ட இலக்க வரிசையாக மாற்றி வைப்பார்கள். பொருளால் நெருங்கிய துண்டுகளின் இலக்கங்களும் நெருங்கியிருக்கும். 'விலையிலிருந்து வரியைப் பிரிக்கும் இடம் எது' என்று சாதாரண வசனத்தில் கேட்டால், வரி என்ற சொல்லே இல்லாத அந்த 3/23 வரியும் பட்டியலில் வரக்கூடும். 'கூடும்' என்றுதான் சொல்லலாம். சிலவேளை சம்பந்தமில்லாததும் வரும்.

புதிய மாற்றம் என்னவென்றால், இந்த மூன்றையும் உதவியாளரே கையில் எடுத்துக்கொள்வதுதான். கிட்ஹப் கோபைலட், கேர்சர், க்ளோட் கோட் போன்றவை இன்று முதலில் ஒரு சொல்லைத் தேடி, கிடைத்த பைலைத் திறந்து படித்து, அதில் கண்ட பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்த பைலுக்குப் போகின்றன. உதவியாளருக்கும் கருவிகளுக்கும் இடையே ஒரு பொது பிளக்கைப் போல, 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் 'எம்.சி.பி.' எனும் நியமத்தை வெளியிட்டது. மற்றப் பெரிய நிறுவனங்களும் அதை ஏற்றுக்கொண்டன.

திறந்த நிரல், பூட்டிய நிரல்

இலங்கைக்கு இந்தத் துறையில் சொல்லிக்கொள்ள ஒரு வரலாறு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியின் பின், காணாமல் போனவர்களையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவு செய்ய நம் நாட்டுத் தொண்டர்கள் சில வாரங்களில் எழுதிய மென்பொருள் 'சஹானா'. மூலநிரலை எவரும் பார்க்கலாம் என்று திறந்து வைத்ததால் அது 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்துக்கும் போய்ச் சேர்ந்தது. எழுதியவர்கள் கூடவே போக வேண்டியிருக்கவில்லை. 2005இல் ஆரம்பமான டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனமும் தன் நிரலைத் திறந்தே வைத்திருந்தது. அதை 2024இல் ஈ.கியூ.ரி. எனும் முதலீட்டு நிறுவனம் 60 கோடி டொலருக்கும் மேற்பட்ட பெறுமதியில் வாங்க உடன்பட்டது. நிரலைப் பூட்டி வைத்தால்தான் காசு என்று நினைக்கும் நம் பொடியன்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கடைக்காரருக்கு இதிலுள்ள விடயம் வேறு. மூலநிரல் கையில் இல்லாவிட்டால் மேலே சொன்ன எந்தக் கருவியாலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. உங்கள் கணினியில் ஓடும் பைல் வேறு, மூலநிரல் வேறு. மூலநிரல் எழுதியவரிடமே இருந்துவிடும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. ஆகவே புதிதாக மென்பொருள் எழுதிக் கொடுக்கச் சொல்லும்போது, நிரல் யாருக்குச் சொந்தம், ஒரு பிரதி யாரிடம் இருக்கும் என்பதை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வாய்ச் சொல்லில் விடாதீர்கள். ஏற்கனவே எழுதி வாங்கியவர்கள் கட்டாருக்கு ஒரு கோல் எடுத்து, "தம்பி, சோர்ஸ் கோட்டை ஒருதரம் அனுப்பி வையுங்கள்" என்று இன்றே கேட்டுக்கொள்வது நல்லது. அந்தத் தம்பியின் பழைய மடிக்கணினி எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்று யாருக்குத் தெரியும்!

எதைக் கொடுக்கக் கூடாது

உதவியாளர் உங்கள் கணினியில் இருந்தாலும், அது படிக்கும் பகுதிகள் பெரும்பாலும் இணையம் வழியாக வெளிநாட்டுச் சேவையகங்களுக்குப் போகின்றன. நிரலைக் கொடுக்கலாம். வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி இலக்கம், கடன் தொகை அடங்கிய தரவுத்தளத்தைக் கொடுக்கக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது ஒருபுறம். தன் கடன் கொப்பி ஊருக்குத் தெரிவதை எந்த வாடிக்கையாளரும் விரும்பமாட்டார் என்பது மறுபுறம். பழைய நிரல்களுக்குள் கடவுச்சொற்களை அப்படியே எழுதி வைக்கும் பழக்கமும் உண்டு. முதலில் அவற்றை நீக்க வேண்டும்.

திருத்தும் அதிகாரத்தையும் உடனே கொடுத்துவிடாதீர்கள். 2025 ஜூலையில் ரெப்லிட் எனும் சேவையின் உதவியாளர், எதையும் மாற்றாதே என்று சொல்லப்பட்டிருந்தும், ஒரு வர்த்தகர் சோதித்துக்கொண்டிருந்த செயலியின் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. நிறுவனத்தின் தலைவரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வேலை வேகமாக முடியும் என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். அதே மாதம் மெட்டர் எனும் ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 நிரலாளர்களுக்குத் தங்களுக்குப் பழக்கமான களஞ்சியங்களில் 246 வேலைகளைக் கொடுத்துப் பார்த்தது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியபோது 19 வீதம் கூடுதலான நேரம் எடுத்தது. அவர்களோ தாங்கள் 20 வீதம் வேகமாக முடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். நமது கடையின் நிலை வேறு என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே நிரலில் பழக்கமுள்ளவர் எவருமே இல்லை. அறியாத நிரலில் வழி கண்டுபிடிக்கும் வேலையில் இந்தக் கருவிகளின் பயன் கூடுதலாக இருக்கலாம்.

எனவே நிரலின் ஒரு பிரதியை எடுத்து, நுவரெலியாவிலோ கண்டியிலோ நிரல் தெரிந்த ஒருவரை ஓரிரு நாள் அமர்த்தி, உதவியாளரிடம் தேடல் வேலையை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். வரி விகிதம் நேரடியாகவோ மறைமுகமாகவோ வரும் எல்லா இடங்களையும் பைல் பெயர், வரி இலக்கத்தோடு பட்டியலிடச் சொல்ல வேண்டும். பட்டியலிலுள்ள ஒவ்வோர் இடத்தையும் அவர் தன் கண்ணால் திறந்து பார்த்துத் திருத்த வேண்டும். பிறகு பழைய பில்களில் ஓர் ஐம்பதை எடுத்து, வரி உட்பட்டவை, வரி தனியானவை, திருப்பி எடுத்தவை எனக் கலந்து, திருத்திய பிரதியில் மீண்டும் போட்டுக் கையால் செய்த கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 11,800 ரூபா பில்லில் 1,800 வருகிறதா என்று பார்க்கக் கல்குலேட்டர் ஒன்று போதும்.