கடல்பசுவைத் தொடாதீக, சார்!

"ஸ்கூல் பசங்களுக்கு ஒரு போட்டி. நீங்கதான் ஜட்ஜ்!" என்று பரளச்சியிலிருந்து ஆசிரிய நண்பர் போன் செய்தார். மன்னார் வளைகுடாவைப் பற்றிப் பிள்ளைகளே ஒரு புது விளையாட்டை உருவாக்க வேண்டுமாம்.

"ஏங்க, கரிசக்காட்டுக்கும் கடலுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"நேர்கோடு போட்டா அம்பது கிலோமீட்டருக்குள்ளதான் சார் கடல்!"

போனேன். வழியெல்லாம் சீமைக்கருவேலம். கண்ணுக்கெட்டிய வரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் அலையடித்தது! பரமபதங்களே ஏழெட்டு இருக்கும். பாம்பு இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் சுறா. ஒரு பையனின் ஆட்டத்தில் சுறா கடித்தால் நேரே தூத்துக்குடி ஆஸ்பத்திரிக் கட்டம். அங்கே மூன்று ஆட்டம் பெட் ரெஸ்ட்!

கடைசி பெஞ்சில் எட்டாம் வகுப்புப் பெண் ஒன்று பழைய பல்லாங்குழிப் பலகையோடு உட்கார்ந்திருந்தது.

"இது பாட்டி விளையாட்டாச்சே! இதிலே புதுசா என்ன?"

"உக்காருங்க சார், சொல்றேன். உங்க பக்கம் ஏழு குழி, கரை. என் பக்கம் ஏழு குழி, கடல். கரையில குழிக்கு அஞ்சு கொட்டை. கடல்ல குழிக்கு மூணு. மூவேழு இருபத்தொண்ணு, மன்னார் வளைகுடாவுல இருபத்தொரு தீவு."

எண்ணிப் பார்த்தேன். ஒரு குழியில் ஒரே ஒரு புளியங்கொட்டைதான். "இங்கே ரெண்டு குறையுதே?"

"அது ரெண்டும் முங்கிப்போச்சு சார்."

உண்மைதான். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் உள்ள விலாங்குசல்லி உட்பட இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறையை வருஷக்கணக்கில் வெட்டியெடுத்தோம். அலையின் வேகத்தைத் தடுத்து நிறுத்துவது அந்தப் பாறைதான். வேலியைப் பிடுங்கிவிட்டால் வயல் மிஞ்சுமா? 1986-ல் 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் திருட்டுத்தனமாக வெட்டினார்கள்.

ஆட்டம் ஆரம்பமானது. பல்லாங்குழியில் ஒரு குழியில் நாலு கொட்டை சேர்ந்தால் அதற்குப் 'பசு' என்று பெயர் அல்லவா? கரைப்பக்கம் சேரும் பசுவை இஷ்டம்போல் எடுக்கலாம். கடல்பக்கம் சேர்ந்தால் அது கடல்பசு. அதையும் எடுக்கலாம், ஆனால் எடுத்த குழியைக் கல் வைத்து மூடிவிட வேண்டும். பத்துச் சுற்று முடியும்போது கடல் மிச்சமிருந்தால், அதிகக் கொட்டை வைத்திருப்பவருக்கு வெற்றி.

சும்மா கிடைப்பதை விடுவானேன்? அள்ளினேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் பேசாமல் ஒரு கல்லை எடுத்து வைத்தது. ஆறாவது கல் விழுந்தபோது, "கடல்பசுவைத் தொடாதீக சார்" என்றது மெதுவாக. ஏழாவதையும் எடுத்தேன். என் மடியில் கடல் கொட்டை மட்டும் இருபத்தெட்டு!

"நான் ஜெயிச்சாச்சு!"

"இல்ல சார். ரெண்டு பேரும் தோத்துட்டோம்."

"நீதான் ஒண்ணையும் தொடலையேம்மா?"

"நான் தொடாட்டி என்ன சார்? கடல் ஒண்ணுதானே."

பக்கத்திலிருந்த இன்னொரு ஜட்ஜ், "ரெண்டு பேரும் தோக்கிறதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்றார். போன நிமிஷம் வரை நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"கல்லை எடுத்துட்டு மறுபடி கொட்டை போட்டா என்ன?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"எங்க கண்மாய் வத்தினா அடுத்த மழைக்குப் பெருகிரும் சார். கடல்பசு அப்படிப் பெருகாதுல்ல?"

பெருகாதுதான். ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் அந்தப் பிராணி கடல்புல்லைத் தின்று வாழ்வது. பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் போடும். அடுத்த குட்டிக்கு மூன்று வருஷம், அதற்கு மேலும் ஆகும். அதற்காகவே 2022-ல் பாக் விரிகுடாப் பக்கம் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது.

முதல் பரிசை அந்தப் பெண்ணுக்கே கொடுக்க வைத்தேன். ஒரு எவர்சில்வர் டப்பா.

"நீ கடலைப் பார்த்திருக்கியாம்மா?"

"இல்ல சார். நீங்க பாத்திருக்கீகளா?"

"ஓ... ராமேஸ்வரம், மெரீனா எல்லாம்!" என்றேன் பெருமையாக.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தேன். போனபோதெல்லாம் கால் நனைத்தேன், சுண்டல் தின்றேன். அந்தப் பொட்டலத்தை எங்கே போட்டேன் என்பது மட்டும் ஞாபகம் வரவே இல்லை.