காய்ந்த ஓடையில் வீட்டுமனை... அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு நிமிஷம்!

பல்லடத்தில் நின்று வெள்ளம் பற்றிப் பேசினால், கேட்பவர் சிரிக்கத்தான் செய்வார். விசைத்தறிச் சத்தமும் கோழிப்பண்ணையும்தான் இந்த ஊருக்கு அடையாளம். பி.ஏ.பி. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டால்தான் பல தோட்டங்கள் நனையும். இங்கே எங்கிருந்து வெள்ளம் வரப்போகிறது?

அந்தக் கேள்விக்கான பதில், அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் திருப்பூரில் கிடைக்கும். 2011 நவம்பர் முதல் வாரத்தில் கொட்டிய மழையில் அங்கே சங்கிலிப்பள்ளம், ஜம்மனை ஓடைகள் திடீரென்று பெருக்கெடுத்தன. கரையோரத்து வீடுகளைத் தண்ணீர் அடித்துச் சென்றது, பலர் உயிரிழந்தனர். கரை புரண்டவை, மற்ற நாட்களில் சாக்கடைத் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஓடைகள்.

பெயரிலேயே இருக்கிறது எச்சரிக்கை

கொங்குப் பகுதியில் ஓடையைப் 'பள்ளம்' என்றுதான் சொல்வார்கள். மழை பெய்தால் மேட்டு நிலத்துத் தண்ணீர் பள்ளங்கள் வழியாகத்தான் நொய்யலுக்கும் மற்ற ஆறுகளுக்கும் போய்ச் சேரும். நல்ல மழை சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் என்பதால், இடைப்பட்ட காலத்தில் பள்ளத்தில் முள்ளுச்செடி முளைக்கும், குப்பை சேரும், வண்டித்தடம் விழும். பிறகு யாராவது மண்ணைக் கொட்டிச் சமப்படுத்துவார்கள். பத்து வருஷம் கழித்து வருகிறவர் கண்ணுக்கு அது சாதாரணக் காலி இடம்.

ஆற்றங்கரையில் வீடு வாங்குகிறவருக்கு ஆறு கண்ணில் படும். வறண்ட பூமியில் மனை வாங்குகிறவருக்கு ஓடை கண்ணில் படாது. அது இருப்பது வருவாய்த் துறையின் ஆவணங்களில்தான். அதனால்தான் இதுபோன்ற ஊர்களில் உள்ளாட்சி அமைப்பு கொடுக்கும் அனுமதி முக்கியமாகிறது.

யார் பார்க்க வேண்டும்?

மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். மக்கள் வழக்கில் இதுதான் 'டி.டி.சி.பி. அப்ரூவல்'. வீடு கட்டும் அனுமதி ஊராட்சியிலோ நகராட்சியிலோ கிடைக்கும். புறம்போக்கு எது, பட்டா நிலம் எது என்பது வருவாய்த் துறையின் கையில். வெள்ளம் தேங்கும் இடமா என்று சொல்ல வேண்டியது நீர்வளத் துறை. ஒரே ஓடைக்கு இத்தனை அலுவலகங்கள்! ஒருவர் கவனிக்காமல் விட்டதை அடுத்தவர் கவனித்தால்தான் தப்பிக்க முடியும்.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒப்புதல் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியத் தடை விதித்தது. அதுவரை விற்கப்பட்ட மனைகளுக்காக 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளைக் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்தலாம் என்றன அந்த விதிகள். ஆனால் ஆறு, ஏரி, ஓடை, வாய்க்கால் போன்ற நீர்நிலைகளில் இருக்கும் மனைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

'கட்டிவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?' என்ற நினைப்பும் செல்லாது. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கிராமப் பொது நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும், எவ்வளவு செலவு செய்து கட்டியிருந்தாலும், ஆக்கிரமிப்புக்கு அது நியாயம் ஆகாது என்றது. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் நிலத்துக்கு உரிமைப் பத்திரம் ஆகிவிடாது.

இப்போது பொறுப்பு உங்கள் கையில்

2024 ஜூலையில் சுயசான்று முறையில் உடனடி கட்டட அனுமதித் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு இணையத்திலேயே அனுமதி பெறலாம். அலைச்சல் மிச்சம், நல்ல விஷயம்தான். ஆனால் விவரங்கள் சரி என்று உறுதி சொல்வது வீட்டுக்காரரே. முன்பு அதிகாரி வந்து பார்த்திருக்கக்கூடிய ஓடையை இனி நாமே தேடிப் பார்த்தாக வேண்டும்.

பனியன் கம்பெனியிலும் தறியிலும் உழைத்துச் சேர்த்த பணம், நகைக்கடன், சீட்டுப் பணம் எல்லாம் சேர்ந்துதான் இங்கே ஒரு மனை ஆகிறது. எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

• சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அரசின் இ-சேவை இணையதளத்தில் 'அ' பதிவேட்டைப் பார்த்தால் அந்த நிலம் புறம்போக்கா என்று தெரியும். பக்கத்து எண்களையும் பாருங்கள்.

• எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் எனப்படும் புலப்படத்தை எடுங்கள். ஓடையோ வாய்க்காலோ போகிறதா என்று கிராம வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

• வில்லங்கச் சான்று மட்டும் போதாது. பதிவான பத்திரங்களைத்தான் அது காட்டும். தண்ணீர் வரும் வழியைக் காட்டாது.

• பட்டா இருந்தாலும் பள்ளமான இடம் பள்ளமான இடம்தான். ஓடையின் எல்லையோடு வெள்ளம் நின்றுவிடாது. அந்தப் பகுதியில் நெடுநாளாகக் குடியிருக்கும் பெரியவர்களிடம், பெருமழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள்.

• சந்தேகம் இருந்தால் கட்டணம் கட்டி அரசு சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். வீட்டுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் அது மிகச் சிறிய தொகை.

ஊர் கேட்க வேண்டியது

தனி ஆள் விசாரித்துத் தன் மனையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஓடையைக் காப்பாற்ற முடியாது. மேலே ஒருவர் அடைத்தால் கீழே இன்னொருவர் வீட்டுக்குள் தண்ணீர் வரும். கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். ஊரில் உள்ள ஓடைகளை அளந்து எல்லைக்கல் நட வேண்டும், குப்பை கொட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் கொண்டுவரலாம். நகராட்சியில் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரிடம் இதையே கேட்கலாம்.

கோடையில் அளந்து கல் நடுவது எளிது. வீடுகள் எழும்பிய பிறகு அதே வேலைக்கு நீதிமன்றமும் புல்டோசரும் வர வேண்டியிருக்கும்.